கல்லும் மண்ணும் சுமந்த கை கணக்கும் போடட்டும்

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்னைக்கு நாம பேசப் போற விஷயம் கட்டட எஸ்டிமேட். அதாவது ஒரு வீடோ, கழிப்பறையோ, சுற்றுச்சுவரோ கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பொருள், எவ்வளவு அளவு, எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்று கணக்குப் போடுவது. "இது என்ஜினியர் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வீடு கட்டவோ, வீட்டை எடுத்துக் கட்டவோ குழுவில் கடன் வாங்கியவர்கள் கை தூக்குங்க என்று சற்று முன்னால் கேட்டோம். பாதிக்கு மேல் கை தூக்கினீங்க. அதில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர்கள் யார் என்று கேட்டோம். அதற்கும் நிறைய கை எழுந்தது. "உங்க வீட்டு எஸ்டிமேட்டை நீங்களே படிச்சுப் பார்த்தவங்க யாரு?" என்று கேட்டபோது மூன்று கைதான் வந்தது. கடன் நம் பெயரில் இருக்கிறது. தவணை கட்டுவது நாம். சிமெண்டு மூட்டையையும் ஜல்லியையும் தலையில் சுமப்பதும் நாம். கணக்கு மட்டும் மேஸ்திரி சட்டைப்பையில் இருக்கிறது. இந்த நிலைமை மாற வேண்டும் என்றுதான் இந்தப் பேச்சு.

பாதியில் நிற்கும் வீடுகள்

நம் கிராமங்களில் சுற்றி வந்தால் லிண்டல் மட்டத்தில் நிற்கும் சுவரும், தளம் போடாத வீடும் எத்தனையோ கண்ணில் படும். "பணம் பத்தலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்த இடத்தில் பத்தாமல் போனது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

அரசு வீட்டுத் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி வீட்டுக்குச் சமவெளிப் பகுதியில் 1,20,000 ரூபாய் என்று அலகுத் தொகை வைத்தார்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று வைத்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் ஒரே தடவையில் கைக்கு வராது. இந்த மட்டம் வரை கட்டினால் இவ்வளவு என்று தவணை தவணையாக வரும். அப்படியானால் ஒவ்வொரு மட்டத்துக்கும் எவ்வளவு செலவாகும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாததால் கையில் இருக்கிற பணத்தையெல்லாம் அடித்தளத்திலேயே கொட்டிவிட்டு, தளம் போடுகிற நேரத்தில் வெளிவட்டிக்குப் போய் நிற்கிறோம். அந்த வட்டி வருஷக்கணக்கில் நம் சேமிப்பை அரித்துத் தின்கிறது.

எஸ்டிமேட் என்றால் நான்கு பத்தி

எஸ்டிமேட் என்று சொன்னால் பெரிய புத்தகம் என்று பயப்பட வேண்டாம். அது நான்கு பத்தி உள்ள தாள். முதல் பத்தியில் வேலை, இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் விலை, நான்காவதில் இரண்டையும் பெருக்கிய தொகை. வானம் தோண்டுவது ஒரு வரி. கடைக்கால் காங்கிரீட் ஒரு வரி. சுவர் ஒரு வரி. இப்படி வர்ணம் அடிப்பது வரை வரி வரியாகப் போகும்.

இதில் அளவும் விலையும் தனித்தனிப் பத்தியில் இருப்பது மிகவும் முக்கியம். அளவு சுவரைப் பொறுத்தது, விலை சந்தையைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு பத்தியில் எழுதிய எஸ்டிமேட் கையில் இருந்தால் சிமெண்டு விலையை மட்டும் மாற்றிப் போட்டு, நமக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம். "மொத்தமா ஆறு லட்சம் ஆகும்மா" என்று வாயால் சொன்ன கணக்கில் எதை மாற்றுவது? விலை ஏறினால் நம்மிடம் கேட்பார்கள், இறங்கினால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி

இதைக் கற்றுக்கொள்ள நம் கூட்டமைப்பிலிருந்து ஆறு பெண்களை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினோம். பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடமும் ஒரு என்ஜினியர் அலுவலகத்திலுமாக ஏற்பாடு. காலையில் சைட், மதியத்துக்கு மேல் அலுவலகம். ஆறு பேரில் மூன்று பேர் பிளஸ் டூ முடித்தவர்கள். இரண்டு பேர் பத்தாவது. ஆறாவது நபர் ஏழாவதோடு நின்றவர், பதினான்கு வருஷம் சித்தாளாக வேலை செய்த அக்கா.

"ஏழாவது படிச்சவங்களுக்குக் கணக்கு வருமா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முதல் வாரத்திலேயே அதற்குப் பதில் கிடைத்தது. ஒரு சைட்டில் கலவை போடும்போது அந்த அக்கா என்ஜினியரிடம் போய், "சார், பேப்பர்ல ஒன்றுக்கு ஐந்துன்னு எழுதியிருக்கு. இங்க சட்டிய கோபுரமா அள்ளிப் போடுறாங்க. இது ஒன்றுக்கு ஏழு வரும்" என்று சொன்னார். அளவுப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. கையில் இருக்கும் அனுபவத்தை எழுத்தில் கொண்டுவருவதுதான் இந்தப் பயிற்சியின் அடிப்படை. அந்த வகையில் சித்தாள் வேலை பார்த்த பெண்கள் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இல்லை. பாதிப் பாடம் அவர்களுக்குத் தெரியும்.

முதல் மாதம் டேப் பிடிப்பது, அடி அங்குலத்தை மாற்றுவது, வரைபடம் படிப்பது. இரண்டாவது, மூன்றாவது மாதம் ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுத்து எழுதுவது. நான்காவது மாதம் கடை கடையாகப் போய் விலை கேட்டு எழுதுவது, பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலைப் படிப்பது. கடைசி இரண்டு மாதம் கம்ப்யூட்டரில் எஸ்டிமேட் தயாரிப்பது, முடிந்த வேலையை அளந்து பில் போடுவது. ஆறு மாதமும் ஒரு நோட்டு கட்டாயம். இன்று எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எவ்வளவு சுவர் ஏறியது, எத்தனை மூட்டை காலியானது என்று சாயங்காலம் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு நாளில் ஓர் ஆள் எவ்வளவு வேலை முடிப்பார் என்பதை வகுப்பறையில் மனப்பாடம் செய்து பயனில்லை. நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் கல்லில், கண்ணால் பார்த்து எழுதினால்தான் கூலிக் கணக்கு சரியாக வரும்.

ஓர் அறைக்குக் கணக்கு

அவர்கள் கற்றுக்கொண்டதில் கொஞ்சத்தை இப்போது உங்களுக்கும் சொல்கிறோம். உள்பக்கம் 10 அடிக்கு 12 அடி உள்ள ஓர் அறை. சுவர் 9 அங்குலக் கனம், 10 அடி உயரம்.

சுவரின் நீளத்தை எப்படி எடுப்பது? வெளிப்பக்கம் சுற்றி அளந்தால் 50 அடி வரும். அப்படி எடுத்தால் நான்கு மூலையையும் இரண்டு தடவை எண்ணுகிறோம். சுவரின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் 10¾ அடி, மறுபக்கம் 12¾ அடி, சுற்றளவு 47 அடி. உயரம் 10 அடியால் பெருக்கினால் 470 சதுர அடி. இதில் 3 அடிக்கு 7 அடி கதவு ஒன்று, 3 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டு, ஆக 45 சதுர அடியைக் கழிக்க வேண்டும். மீதி 425 சதுர அடிச் சுவர்.

அடுத்து செங்கல். கடைக்குப் போனதும் "ஆயிரம் கல் என்ன விலை?" என்று கேட்கிறோம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், விலை கேட்பதற்கு முன் கல்லை அள என்பதுதான். கல் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம் இருந்தால், கலவைக்கு அரை அங்குலம் சேர்த்து 9½, 3½ என்று எடுத்துக்கொள்கிறோம். பெருக்கினால் 33¼ சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். வகுத்தால் 4⅓ கல். 9 அங்குலச் சுவரில் அகலவாக்கில் இரண்டு கல் வருவதால் ஒரு சதுர அடிக்கு 8⅔ கல். 425 சதுர அடிக்கு ஏறக்குறைய 3,680. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 3,900 கல் வாங்க வேண்டும்.

அதே கல் 8½ அங்குல நீளம், 2¾ அங்குல உயரம் என்று சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? அதே சுவருக்கு 4,400 கல் தேவைப்படும். பெரிய கல் 10 ரூபாய், சின்ன கல் 9 ரூபாய் 50 காசு என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பெரிய கல்லுக்கு 39,000 ரூபாய் ஆகும். சின்ன கல்லுக்கு 41,800 ரூபாய் ஆகும். 50 காசு குறைவு என்று வாங்கிய கல்லில் 2,800 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இது போக, இணைப்பு அதிகம் என்பதால் கலவையும் கூடும். இந்தக் கணக்கைக் கேட்ட நம் உறுப்பினர் ஒருவர், "இத்தன வருஷம் கல்லு தூக்குனேன், ஒரு நாளாவது அளந்து பார்த்தேனா?" என்றார்.

இப்போது தளம். சுவரோடு சேர்த்து மேல்தளம் 11½ அடிக்கு 13½ அடி, 155 சதுர அடி வரும். சன்ஷேடு தனிக் கணக்கு. 5 அங்குலக் கனம் போட்டால் 65 கன அடி காங்கிரீட். சிமெண்டு, மணல், ஜல்லி மூன்றையும் தண்ணீர் விட்டுக் கலந்தால் அளவு சுருங்கும். அதனால் 100 கன அடி காங்கிரீட்டுக்கு 154 கன அடி உலர்ந்த பொருள் வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் நம் 65 கன அடிக்குச் சிமெண்டு 15 மூட்டை, எம்-சாண்ட் 27 கன அடி, ஜல்லி 55 கன அடி.

பயிற்சியில் இருந்த தங்கச்சி ஒருவர் இதே அளவுள்ள தளத்துக்கு 15 மூட்டை என்று எழுதியிருந்தார். சைட்டில் 16 மூட்டை ஆனது. "ஒரு மூட்டைதானே, விடும்மா" என்றார்கள். அவர் விடவில்லை. சென்ட்ரிங் பலகை ஓரிடத்தில் தொய்ந்து தளத்தின் கனம் கூடியிருந்தது என்று கண்டுபிடித்தார். அடுத்த தளத்துக்கு முட்டுக்கால் நெருக்கமாகக் கொடுத்தார்கள். எழுதிய கணக்கையும் நடந்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் சைட்டில் நின்றால்தான் வரும்.

வண்டியில் வரும் பொருள்

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வருகின்றன. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டி வந்ததும் கொட்டச் சொல்லிவிடாதீர்கள். முதலில் டேப் எடுத்து உள்பக்க நீளம், அகலம், பொருள் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள். இரண்டு யூனிட் என்று வந்த வண்டியை நம் பெண்கள் அளந்தார்கள். 11 அடி நீளம், 6½ அடி அகலம், 2½ அடி உயரம். மொத்தம் 179 கன அடி. 21 கன அடி குறைவு. சண்டை போடவில்லை. டேப்பைக் காட்டினார்கள். குறைந்ததற்குப் பணத்தைக் கழித்துக்கொண்டார்கள். டன் கணக்கில் விற்கும் இடத்தில் எடைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. ஈரமான மணல் உப்பி நிற்கும். கால் பங்கு வரைக்கும்கூட கூடுதலாகத் தெரியும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஈர மணலைத் தளர்வாகப் போட்டு, எதுவரை நிற்கிறது என்று கோடு போடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் மணல் அமுங்கிக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு நாம் வெறும் உப்பலுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம்.

கம்பிக்கும் எளிய கணக்கு இருக்கிறது. மில்லிமீட்டரில் உள்ள கனத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி என்றால் எட்டெட்டு 64, அதை 162-ஆல் வகுத்தால் 395 கிராம். 12 மீட்டர் கம்பி ஒன்று 4 கிலோ 740 கிராம். கடைச் சீட்டில் உள்ள எடையையும் இறங்கிய கம்பிகளின் எண்ணிக்கையையும் இதை வைத்துச் சரி பார்க்கலாம். எந்த இடத்தில் எந்தக் கனக் கம்பி என்பதை மட்டும் என்ஜினியர்தான் சொல்ல வேண்டும். அதில் நாமோ மேஸ்திரியோ கை வைக்கக் கூடாது.

விட்டுப்போகும் செலவுகள்

பணம் எங்கே பத்தாமல் போகிறது என்று தொடக்கத்தில் கேட்டோம். நம் பெண்கள் பல பழைய எஸ்டிமேட்டுகளைப் பார்த்தபோது திரும்பத் திரும்ப விட்டுப்போயிருந்த செலவுகள் இவை: பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்புவது, சென்ட்ரிங் வாடகை, ஏற்று இறக்குக் கூலி, தண்ணீர் லாரி, கரண்ட் வேலை, கழிப்பறைத் தொட்டி, மாடிப்படி. சாலை உயர்ந்துவிட்டது என்று பேஸ்மட்டத்தை இரண்டு அடி கூடுதலாகத் தூக்கினால் சுவரும் கூடும், உள்ளே நிரப்புகிற மண்ணும் கூடும். அது எஸ்டிமேட்டில் ஏறாது. தளத்துக்கு வைத்த பணம் மண்ணாகப் போய்விடும். ஆகவே எதிர்பாராத செலவுக்கென்று நூற்றுக்கு ஐந்தாவது தனியாக எழுதி வைக்க வேண்டும்.

லேபர் காண்ட்ராக்டா, பொருளோடு சேர்த்த காண்ட்ராக்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "சதுரத்துக்கு இவ்வளவு" என்று பேசும்போது அந்தச் சதுரத்துக்குள் பூச்சு வேலை சேர்ந்ததா, தரை சேர்ந்ததா, சன்ஷேடை எப்படி அளப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. நேர்மையான மேஸ்திரிக்கும் இது பாதுகாப்புதான்.

பயிற்சியில் வந்த சிரமங்கள்

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆறு பேரில் ஐந்து பேர்தான் முடித்தார்கள். ஒரு தங்கச்சி இரண்டாவது மாதத்தோடு நின்றுவிட்டார். "ஆம்பளைங்களோட சைட்டுல நின்னு என்ன கணக்கு?" என்று வீட்டில் தினமும் பேச்சு. சித்தாளாக அதே ஆண்களோடு வேலைக்குப் போனபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை. நோட்டும் பேனாவும் கைக்கு வந்ததும் கேட்கிறார்கள். இதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். இதைப் பேசி, பக்கத்தில் ஏற்பாடு செய்த பிறகுதான் இரண்டாவது சைட்டுக்கு அனுப்பினோம். தொடக்கத்தில் வேறோர் ஒப்பந்ததாரரிடம் போனபோது பயிற்சி என்று பெயர் வைத்து டீ வாங்கி வரவும், சாக்கு மடிக்கவும் வைத்தார்கள். பத்து நாளில் அங்கிருந்து அழைத்துக்கொண்டு வந்தோம்.

அதனால் இனி அனுப்பும்போது எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை மாதம், எந்த நேரம், என்னென்ன கற்றுத்தர வேண்டும், மாத உதவித்தொகையும் பஸ் செலவும் எவ்வளவு, கழிப்பறை வசதி, தலைக்கவசம், காயம் பட்டால் யார் பொறுப்பு, முடிவில் சான்றிதழ். ஒரு சைட்டுக்கு இரண்டு பெண்களாகவே அனுப்ப வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின்படி 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். பழகுநருக்கு உதவித்தொகை தர வேண்டும். சின்ன மேஸ்திரியிடம் பழகும்போது இந்தச் சட்டம் கைகொடுக்காது. அங்கே நம் ஒப்பந்தத் தாள்தான் துணை. கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று ஒவ்வொரு குழுவும் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும், ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது என்கிறது.

பயிற்சி முடித்தவர்கள் இப்போது

முடித்த ஐந்து பேரில் இரண்டு பேர் என்ஜினியர் அலுவலகத்திலேயே எஸ்டிமேட், பில் வேலைக்கு உதவியாளராக இருக்கிறார்கள். ஒருவர் சைட் மேற்பார்வைக்குப் போகிறார். மீதி இருவர், அதில் நம் சித்தாள் அக்காவும் ஒருவர், கூட்டமைப்புக்காக வேலை செய்கிறார்கள். வீட்டுக்கடன் கேட்கும் உறுப்பினரின் இடத்துக்கே போய் அளந்து, நான்கு பத்தித் தாளை எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குச் சிறு தொகை கட்டணம். வெயிலில் கல் சுமந்த நாட்களில் இடுப்பு வலியோடு வீடு திரும்பிய அக்காவை இன்று மேஸ்திரிகள் "வாங்க, டேப்பு அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். இப்போது மரியாதையாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பயிற்சியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். இது என்ஜினியர் படிப்பு இல்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. கடைக்காலின் ஆழம், தூண், கம்பி இவற்றை முடிவு செய்ய முடியாது. மேலே படிக்க விரும்பும் பெண்கள், பத்தாவது தேறியிருந்தால் ஐ.டி.ஐ.-யில் இரண்டு வருஷ சிவில் வரைவாளர் பிரிவில் சேரலாம். உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

குழுக்கள் செய்ய வேண்டியது

சகோதரிகளே, 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய நாளிலிருந்து நம் மாநிலத்துச் சுய உதவிக் குழுக்கள் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன. சேமிப்பு பத்து ரூபாயானாலும் எழுதி வைக்கிறோம். உள்கடன், வட்டி, அபராதம் எல்லாம் பேரேட்டில் ஏறுகிறது. பத்து ரூபாய்க்குக் கணக்கு வைக்கிற நாம், நாலு லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கணக்கு கேட்காமல் இருக்கலாமா?

ஆகவே நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறோம். உங்கள் குழுக்களில் பேசி முடிவெடுங்கள்.

1. வீடு கட்டவோ, எடுத்துக் கட்டவோ கடன் கேட்கும் உறுப்பினர் மனுவோடு நான்கு பத்தி எஸ்டிமேட்டும் இணைக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் கூட்டமைப்பு எழுதித் தரும்.

2. கடன் தொகையை ஒரே தடவையில் கொடுக்காமல் பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று மட்டத்துக்கு மட்டம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு உறுப்பினர்கள் போய் அளந்து பார்க்க வேண்டும்.

3. ஒவ்வொரு குழுவும் தன் செலவில் 100 அடி டேப் ஒன்று வாங்கி வைக்க வேண்டும். எந்த உறுப்பினர் வீட்டு வேலை நடந்தாலும் அது அங்கே போக வேண்டும்.

4. அடுத்த பயிற்சிக்கு ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் ஒரு பெயர் தர வேண்டும். படிப்பு குறைவு என்று சித்தாள் வேலை செய்யும் பெண்களை ஒதுக்கக் கூடாது. போகும் பெண்ணின் வீட்டில் பேசிச் சம்மதம் வாங்குவது அந்தக் குழுவின் பொறுப்பு. அந்த ஆறு மாதமும் அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப, சாயங்காலம் பார்த்துக்கொள்ள குழு கைகொடுக்க வேண்டும்.

பெயர்களை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் உங்கள் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் பயிற்சி முடித்த ஐந்து பேரையும் உங்கள் கிராமத்துக்கே அழைத்துக்கொண்டு வருகிறோம். பாதியில் நிற்கிற ஒரு வீட்டின் முன்னால் உட்கார்ந்து, அதை முடிக்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்.